நாலாம் நம்பர் மெஷின்

தாழைவயல் என்று ஓர் ஊர் கிடையாது. வகுப்பின் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் நாற்பத்தோராயிரம் பேரின் தொலைபேசி எண்களையும் கையில் கொடுத்தார்கள்.

நான் பிலோமினா. தூத்துக்குடிப் பதிப்பில் இருபத்திரண்டு வருடம் நிருபர் வேலை. கொலை, கடல் கொந்தளிப்பு, மாதா கோவில் தேர், கலெக்டர் குறைதீர் கூட்டம் எல்லாம் எழுதியிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் சட்டம் வந்துவிட்டது. தரவுச் சான்று இல்லாத நிருபர், எண்களும் புள்ளிவிவரமும் வரும் செய்தியில் தன் பெயரைப் போடக் கூடாது. இந்தக் காலத்தில் எண் இல்லாத செய்தி எது? ஆசிரியர் கூப்பிட்டு, "ஆறு வாரம் சென்னைக்குப் போயிட்டு வாங்க பிலோமினா. சான்றோட வந்தா நிருபர். இல்லன்னா இரங்கல் விளம்பரம் வாங்குற சீட்டு காலியா இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தரமணியில் பயிற்சி நிலையம். கற்றுக்குட்டி நிருபர்களை நிஜ ஊரில் அவிழ்த்துவிட்டால் மானநஷ்ட வழக்குதான் வரும். அதனால் செயற்கை அறிவு இயந்திரம் ஓர் ஊரையே கணினிக்குள் செய்து கொடுத்திருந்தது. பிறப்பு, இறப்பு, ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என எல்லாப் பதிவேடும் உண்டு. எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் ஆள் எடுத்துப் பேசும். சிலர் இருமுவார்கள். சிலர் "அப்புறம் பேசுங்க, குக்கர் விசில் வருது" என்று வைத்துவிடுவார்கள். இந்த ஊருக்குள் நிலையத்தார் ஒரே ஒரு தப்பைப் புதைத்து வைத்திருப்பார்கள். ஆறு வாரத்தில் அதைத் தோண்டி எடுத்துச் செய்தியாக எழுத வேண்டும். எழுதினால் சான்று.

பயிற்சியாளர் பெயர் தீர்த்தகிரி. தர்மபுரிப் பக்கம், முப்பத்துமூன்று வயது. குரலை உயர்த்தவே மாட்டார். சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். முதல் வாரமே பலகையில் பெரிதாக எழுதினார்: 'இரைச்சலில் உருவம் காணாதே.'

"நானூறு பட்டியல் இருக்கு மேடம். நானூறையும் முறைச்சுப் பார்த்தா ஏதாவது ஒண்ணு கண்டிப்பா உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். மேகத்துல யானை தெரியற மாதிரி. அது யானை இல்லைன்னு தெரிஞ்சுக்கறதுதான் இந்தப் படிப்பு" என்றார்.

நல்ல பாடம்தான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நாலாவது வாரத்துக்குள் வகுப்பில் எல்லோரும் புதையலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தாழைவயல் வடக்குத் தெருவில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று காகிதத்தில் இருந்தது, தரையில் இல்லை. பக்கத்து நாற்காலி ரெஹானா, வாணியம்பாடிக்காரி, என் காதில், "அக்கா, பள்ளிக்கூடம். எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா ஊருக்குப் போங்க" என்றாள்.

நிம்மதி என்ற சொல்லே எனக்கு அப்போது எரிச்சலைத் தந்தது. ஏனென்றால் நான் பள்ளிக்கூடத்தைத் தேடவே போகவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

தாழைவயலில் ஒரு டயாலிசிஸ் மையம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்புகிற இடம். ஆறு மெஷின்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், ஒரே ஆள் ஒரே மெஷினில் உட்கார வேண்டும். மூன்றரை வருடப் பதிவேட்டில் பதினாலு பேருக்கு ஈரலைத் தின்கிற மஞ்சள் காமாலைக் கிருமி வந்திருந்தது. வந்தவர்களை உடனே கண்ணாடி அறையில் தனியாக இருக்கும் ஆறாம் நம்பருக்கு மாற்றிவிடுவார்கள். மற்றவர்களுக்குத் தொற்றக் கூடாதே. சரியான விதிதான்.

மெஷின் மெஷினாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலாம் நம்பர்தான் இருப்பதிலேயே சுத்தம். அதில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கும் கிருமி இல்லை. ஆனால் எனக்கு ஒரு பழைய கெட்ட பழக்கம். போலீஸ் ஸ்டேஷனில் யாரைப் பார்த்தாலும் "இதுக்கு முன்னால எங்க இருந்தான்?" என்று கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். அந்தப் பதினாலு பேரும் ஆறாம் நம்பருக்கு வருவதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தேன். பதினோரு பேர் நாலாம் நம்பரில் இருந்தார்கள்.

நாலாம் நம்பரில் உட்கார்ந்தவருக்குக் கிருமி வருகிறது. வந்ததும் அவரை ஆறுக்கு அனுப்புகிறார்கள். காலியான நாலாம் நம்பருக்கு, கிருமி இல்லாத புது ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதால்தான் காகிதத்தில் அது சுத்தமாக இருக்கிறது.

அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவர் கோமதி. முப்பத்தெட்டு வயது, தையல்காரி, திங்கள் புதன் வெள்ளி. எண் இருந்தது. கூப்பிட்டேன். இத்தனை வருட அனுபவத்தில் எப்படிப் பேசுவது என்று தெரிய வேண்டாமா? எடுத்த எடுப்பில், "நீங்க உக்கார்ற மெஷின்ல இருந்து கிருமி வருதும்மா" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நான் செத்துடுவேனா?" என்று கேட்டாள். "எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க மேடம்" என்று அழ ஆரம்பித்து, வைத்துவிட்டாள்.

மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரெஹானா என் தட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, அது ஆளே இல்லக்கா. அதுக்குப் பொண்ணுங்களும் இல்ல" என்று சிரித்தாள். தெரியும். தெரிந்தும் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன். கோமதி எடுக்கவில்லை.

மறுநாள் தீர்த்தகிரியிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"இதை நாங்க புதைக்கலை மேடம்."

"அது தெரியும் சார். அதான் பயமா இருக்கு."

"புதைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம். இது யானை. மொத பேட்ச்லயே ஒருத்தர் இதே மாதிரி ஆஸ்பத்திரிக்குள்ள போயி ஏதோ சொன்னார். இது ஏழாவது பேட்ச். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு யானையோட வருவாங்க. முட்டை மார்க் போடுவேன், கத்துக்குவாங்க."

"பதினாலுல பதினொண்ணு சார்."

"நானூறு பட்டியல்ல ஒண்ணு மேடம்."

எனக்குக் கோபம் வந்தால் 'சார்' போய்விடும். "தம்பி, யானை இல்லன்னு எப்படி நிரூபிக்கது? நீங்க சொல்லிக் குடுத்த வழியைச் சொல்லுங்க, நான் செஞ்சு பாக்கேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல மாணவியைப் பார்த்த வாத்தியார் சிரிப்பு. "ஊரை மறுபடி பிறக்க வைக்கலாம். எல்லாப் பேரும் மாறிடும், எல்லாருடைய கதையும் மாறிடும். தற்செயலா வந்த உருவம்னா அதோட கலைஞ்சு போயிடும். உங்களுக்கும் நிம்மதி."

மறுபடி அந்தச் சொல். சரி என்றேன். அவர் விசையைத் தட்டப் போன நேரத்தில்தான் கோமதி ஞாபகம் வந்தது. "ஒரு நிமிசம்" என்று வெளியே போய் அவளைக் கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தாள். என்ன சொல்ல முடியும்? "நேத்து நான் பேசின விதம் தப்பும்மா. பயப்படாதீங்க. இதுக்கு மாத்திரை இருக்கு, மூணு மாசத்துல குணமாயிரும். சீக்கிரமா தெரிஞ்சுக்கிடணும், அவ்வளவுதான்" என்றேன். "நான் செத்துடுவேனா?" என்று மறுபடியும் கேட்டாள். இல்லை என்றேன். உள்ளே வந்து, தட்டுங்கள் என்றேன். அவ்வளவுதான், கோமதி போய்விட்டாள். அதை அங்கே யாரிடம் சொல்லி அழுவது?

புதுத் தாழைவயல் பிறக்க மூன்று மணி நேரம் ஆனது. இப்போது வடக்குத் தெருவே இல்லை, புதிதாக ஒரு குளம் இருந்தது. டயாலிசிஸ் மையத்துக்கு வேறு ஆட்கள், வேறு பெயர்கள். பதிமூன்று பேருக்குக் கிருமி. அதில் பத்துப் பேர் நாலாம் நம்பரில் இருந்து வந்தவர்கள்.

தீர்த்தகிரி இன்னொரு முறை தட்டினார். மறுபடி மூன்று மணி நேரம். பதினைந்துக்குப் பன்னிரண்டு. அந்த ஊரில் நாலாம் நம்பரில் தங்கப்பழம் என்று ஒரு லாரி டிரைவர். கூப்பிட்டேன். இந்த முறை நிதானமாகச் சொன்னேன். அவரும் அதே அளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, "நான் செத்துருவேனா?" என்றார்.

"இது எங்க இருந்து வருது தம்பி?" என்று கேட்டேன்.

தீர்த்தகிரி நாற்காலியில் உட்கார்ந்தார். "இயந்திரம் வெறும் கையில ஊர் செய்யாது மேடம். நிஜமான ஒரு ஊரோட பதிவேடுகளைப் படிச்சுட்டுத்தான் செய்யும். அந்த மனுஷங்களை அழிச்சிடும். பேரு, வயசு, முகவரி ஒண்ணும் மிஞ்சாது. ஆனா பழக்கம் மிஞ்சும். எதுக்கு அப்புறம் எது நடக்கும், யார் எங்கேருந்து எங்க போவாங்க, அது மட்டும் மிஞ்சும்."

"அப்போ இது நிசம்."

"எங்கேயோ நிஜம்."

"எந்த ஊரு?"

"எனக்கே தெரியாது. பேரை எடுத்துட்டுத்தான் கொடுத்தாங்க. யாருன்னு கண்டுபிடிக்க முயற்சி செய்ய மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். மீறினா இந்த நிலையத்தை இழுத்து மூட வேண்டியதுதான். அதுக்கப்புறம் ஒரு ஆஸ்பத்திரியும் யாருக்கும் ஒரு தாள்கூடத் தராது." மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். "பதிவேடும் மூணு வருஷப் பழசு மேடம். இந்நேரம் அந்த மெஷினைத் தூக்கிப் போட்டிருப்பாங்க."

அப்படித்தான் நானும் ஆசைப்பட்டேன். ஆனால் யார் தூக்கிப் போட்டிருப்பார்கள்? காகிதத்தில் அதுதானே இருப்பதிலேயே சுத்தமான மெஷின்.

தீர்த்தகிரி நேர்மையான மனிதர். பதிவேடு கொடுத்தவர்களுக்கும் நிலையத்துக்கும் நடுவில் ஓர் அலுவலகம் இருந்தது. அதன் மூலமாக, பெயர் கேட்காமல், 'உங்கள் நாலாம் நம்பர் இயந்திரத்தைச் சோதிக்கவும்' என்று கடிதம் போட்டார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. நன்றி தெரிவித்திருந்தார்கள். பதிவேட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் பயிற்சி ஊரை அழித்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மெஷினைப் பற்றி ஒரு வரி இல்லை.

அன்று கடைசி வாரத்துச் செவ்வாய். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பதிவேட்டை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அந்த நாலரை மணி கண்ணில் பட்டது. மையத்தில் முதல் ஷிப்ட் எப்போதும் காலை ஏழு மணி. ஆனால் மாதத்தில் ஒரு நாள் மட்டும், பெரும்பாலான மாதங்களில், விடிவதற்கு முன்பே நாலரைக்கு ஆரம்பித்திருந்தார்கள். மூன்றரை வருடத்தில் முப்பத்திரண்டு முறை. மூன்று தாழைவயலிலும் அதே நாட்கள்.

இதற்குக் காரணம் தீர்த்தகிரிக்குத் தெரியாது. ரெஹானாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் பதினோரு வருடம் என் தலையில் கட்டிய வேலை 'நாளைய மின்தடை'. பராமரிப்புப் பணிக்காக நாளை காலை ஒன்பது மணி முதல் இன்னின்ன ஊர்களில் மின்சாரம் இருக்காது என்று உள்ளூர்ப் பக்கத்தின் மூலையில் வருமே, அதுதான். யாரும் படிப்பதில்லை என்று நிருபர்கள் நினைக்கிற செய்தி. ஓர் ஊர் விட்டுப்போனால் நாற்பது போன் வருகிற செய்தி. சின்ன மையத்தின் ஜெனரேட்டர் ஆறு மெஷினைத் தாங்காது. அதனால் கரண்ட் போவதற்கு முன்னால் ஒரு ஷிப்டை முடிக்க விடிகாலையிலேயே வரச் சொல்கிறார்கள்.

"தேதி எல்லாத்தையும் மாத்தியிருக்கோமே மேடம்" என்றார் தீர்த்தகிரி.

"எப்படி மாத்துனீங்க? ஒண்ணொண்ணா குலுக்கிப் போட்டீங்களா, மொத்தமாத் தள்ளி வச்சீங்களா?"

யோசித்தார். "மொத்தமா. ஒரே அளவு தள்ளி வச்சோம்."

"அப்போ ரெண்டு தடைக்கு நடுவுல எத்தனை நாளுங்கது மாறாதுல்லா?"

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "மனுஷங்களைத்தான் மறைச்சோம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "கட்டடத்தை மறைக்கணும்னு யாருக்கும் தோணலை."

எங்கள் பத்திரிகையின் எல்லாப் பதிப்புகளின் பழைய உள்ளூர்ப் பக்கங்களும் கணினியில் இருந்தன. ஒவ்வொரு துணை மின் நிலையத்துக்கும் தடை நாட்களின் இடைவெளியை எடுத்து, பதிவேட்டின் முப்பத்தோரு இடைவெளியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். நாலாவது வாரப் பாடம். நான் சரியாகக் கவனிக்காத பாடம். புதன்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதினேன். ஓடவில்லை. திருத்தினேன். ஓடவில்லை.

தீர்த்தகிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் இதைத் தொட முடியாது மேடம். கையெழுத்துப் போட்டவன்" என்றார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், நிஜமாகவே. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைப் பார்த்தபடி, "பதினேழாவது வரியில ஒரு அடைப்புக்குறி விட்டுப்போச்சு" என்றார்.

போட்டேன். ஓடியது. ஆயிரத்துச் சொச்சம் துணை மின் நிலையங்களில் ஒன்றே ஒன்று முப்பத்தோரு இடைவெளியோடும் பொருந்தியது. ஆலங்கோட்டை. அந்த மின் நிலையப் பகுதியில் டயாலிசிஸ் மையம் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

வியாழக்கிழமை முழுக்க பஸ். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நான் அந்த மையத்தின் வாசலில் நின்றேன். அதே வெள்ளிக்கிழமைதான் தரமணியில் கட்டுரையைக் கொடுக்கக் கடைசி நாள். ரெஹானா மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

பத்திரிகைக்காரருக்கு ஒரு விதி உண்டு. யாரைப் பற்றி எழுதினாலும் அவர்கள் தரப்பைக் கேட்காமல் எழுதக் கூடாது. எனவே முதலில் மேலாளர் அறைக்குப் போனேன். வெள்ளைச் சட்டை, விபூதி, தன்மையான பேச்சு.

"நாலாம் நம்பரா? எங்ககிட்ட இருக்கறதுலயே அதாம்மா நல்ல மெஷின். இன்னைக்கு வரைக்கும் அதுல ஒரு பாசிட்டிவ் கேஸ் உக்காந்ததில்ல" என்றார் பெருமையாக.

"உக்காந்து எந்திரிச்சவங்க என்ன ஆனாங்க சார்?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. நடித்தார் என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே புரியவில்லை. என் தாள்களை விரித்துக் காட்டியதும், அவை எங்கிருந்து கிடைத்தன என்பதுதான் அவருக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. "டிரஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. திங்கக்கிழமை பாப்பாங்க" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. பதினொன்றரை மணி ஷிப்டுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். "நாலாம் நம்பருக்கு யாரு?" என்று கேட்டேன். மடித்துக் கட்டிய கைலியோடு ஒருவர் கையைத் தூக்கினார். காத்தமுத்து, லாரி பட்டறையில் பெயின்டர், ஐம்பது வயது. கையில் பன் பொட்டலம். முதல் ஷிப்ட் முடிந்து மெஷினைத் துடைக்கும் சத்தம் உள்ளே கேட்டது. திங்கள்கிழமை வரைக்கும் நேரம் இருப்பது மேலாளருக்குத்தான். காத்தமுத்துவுக்கு இருபது நிமிடம்.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவசரப்படாமல், பயம் காட்டாமல், மாத்திரை இருப்பதை முதலில் சொல்லி, மெஷினை அப்புறம் சொல்லி. கோமதியிடம் சொதப்பி, தங்கப்பழத்திடம் திருத்தி, மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். ஆறு வாரத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். சொல்லி முடித்துவிட்டு, அந்தக் கேள்விக்குத் தயாராக இருந்தேன். நான் செத்துவிடுவேனா என்பார். இல்லை என்று சொல்ல வேண்டும்.

காத்தமுத்து அதைக் கேட்கவில்லை. பன்னைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தார்.

"எனக்கு முன்னாடி அதுல யாரு இருந்தாகன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "சவரிமுத்து வாத்தியாரு. அவரை ஆறுக்கு மாத்துனதாலதான் எனக்கு இடமே கெடச்சுது. ரெண்டு மாசம் காத்துக் கெடந்தேன். கெடச்ச அன்னைக்கு மாரியாத்தாளுக்குத் தேங்கா ஒடச்சேன்." உள்ளே மெஷின் இருந்த பக்கம் பார்த்தார். "நான் எந்திரிச்சுட்டா அடுத்து யாரம்மா உக்காருவாக?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எந்த இயந்திரமும் எனக்குப் பழக்கித் தராத கேள்வி. பெஞ்சின் கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் மடியில் புத்தகத்தோடு இருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் அவளுடையது என்று அவரே கண்ணால் காட்டினார்.

உள்ளே இருந்து டெக்னீஷியன், "காத்தமுத்து, வாங்க" என்று கூப்பிட்டார். காத்தமுத்து எழுந்து போனார். நாற்காலியில் உட்காரவில்லை. கண்ணாடி அறையின் முன்னால் நின்று கதவைத் தட்டினார். உள்ளே ஆறாம் நம்பரில் சவரிமுத்து வாத்தியார் கையில் குழாயோடு படுத்திருந்தார். தங்கள் முறைக்காக இன்னும் மூன்று பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாத்தியாரே! இங்கிட்டு வர்றதுக்கு முன்னாடி நாலுல இருந்தவுக யாரு யாரு? கையத் தூக்குங்க."

சுவரோரம் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். படுத்திருந்தவர் குழாய் செருகாத கையைத் தூக்கினார். தங்களுக்குள் இதை அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் வெளியே எங்கேயோ வந்தது என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தவர்கள்.

டெக்னீஷியன் அந்தக் கைகளைப் பார்த்தார். யாரையும் கேட்காமல் போய் நாலாம் நம்பரின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தப்பு இல்லை. மெஷினின் உள்ளே அழுத்தம் பார்க்கிற ஒரு சின்ன பாகத்துக்குள் எப்போதோ ரத்தம் புகுந்திருக்கிறது. மேலே எவ்வளவு துடைத்தாலும் அங்கே போகாது. திறந்தால்தான் தெரியும். பிறகு திறந்து பார்த்தார்கள், தெரிந்தது. காத்தமுத்துவுக்குக் கிருமி இல்லை. மற்றவர்களுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். அதற்குள் ஈரல் போய்ச் செத்தவர்கள் மூன்று பேர்.

செய்தி எங்கள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது, 'நமது நிருபர்' என்ற பெயரில். எனக்குச் சான்று கிடைக்கவில்லை. மார்க் போடுவது இயந்திரம். புதைத்த தப்பைக் கண்டுபிடிக்காதவருக்கு அது முட்டைதான் போடும். அதை மாற்றத் தீர்த்தகிரிக்கு அதிகாரமில்லை. இரங்கல் விளம்பர சீட்டில் போய் உட்காருவதற்கு முன்னால் பெட்டியை எடுக்கத் தரமணிக்குப் போனேன்.

தீர்த்தகிரியின் மேஜையில் ஒரு பழைய கோப்பு திறந்து கிடந்தது. பயிற்சி ஊரை அழித்துவிட்டார்கள். நிலையத்தை மூடுவதா வேண்டாமா என்று மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கோப்பை என் பக்கம் திருப்பினார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய முதல் பேட்ச் மதிப்பெண் தாள். பூவரசன், பெரம்பலூர், இருபத்துமூன்று வயது. கட்டுரைத் தலைப்பு: 'சுத்தமான மெஷினில் யார் உட்கார்ந்தார்கள்?' மதிப்பெண் பூஜ்யம். அடியில் தீர்த்தகிரியின் சொந்தக் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'இரைச்சலில் உருவம் காண்கிறார். இந்தத் தொழிலுக்கு ஏற்றவரா என்று யோசிக்கவும்.'

"இது எழுதினதுக்கு அப்புறம் அந்த நாற்காலியில எத்தனை பேர் உட்கார்ந்தாங்கன்னு ஆலங்கோட்டைக்கு எழுதிக் கேட்டேன்" என்றார். "ஒன்பது பேர் மேடம்."

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "அந்தப் பையன் இப்போ எங்க இருக்கான்?" என்று கேட்டேன்.

"பத்திரிகையை விட்டுட்டார். பெரம்பலூர்ல வாட்டர் கேன் போடறாராம்." எண்ணைத் தேடி எடுத்து வைத்திருந்தார். "காலையிலேருந்து நாலு தடவை எடுத்துட்டு வச்சுட்டேன்."

நானே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜையின் நடுவில் வைத்தேன். மணி அடித்தது. எடுத்ததும் வண்டியில் இருந்து கேன் இறக்குகிற சத்தம் முதலில் கேட்டது.

"பூவரசன், நான் தீர்த்தகிரி பேசறேன். தரமணி பயிற்சி நிலையத்துலேருந்து…"

கேன் சத்தம் நின்றுவிட்டது. தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை. நான் பேசலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது.

"நாலாம் நம்பர் மெஷினா சார்?"

நாங்கள் இருவரும் போனைப் பார்த்தோம்.

"இப்ப அதுல யாரு சார் இருக்கா?"

"யாரும் இல்ல தம்பி" என்றேன் நான். "யாருமே இல்ல."

அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது. மூன்று வருடம் கழித்து விடுகிற மூச்சு. தீர்த்தகிரி மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.